ரிசார்ட் மீட்டர்

“அண்ணாச்சி, நாளைக்கு அந்த லைட் மீட்டரையும் கொண்டு வாங்க.”

கேட்கவே கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். சும்மா படம் எடுத்துத் தருகிறவரிடம் அது வேண்டும் இது வேண்டும் என்று நின்றால் என்ன மரியாதை என்றாள்.

நாளைக்கு எங்கள் வீட்டுக் கல்யாணம். மூணாறு பஜாரில் செபாஸ்டின் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில்தான் போன மாதம்வரை வேலை பார்த்தேன். அந்தப் பழக்கத்துக்காகக் காசு வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவர் பேச்சு வந்தால் வீட்டில் எல்லோர் குரலும் தாழ்ந்துவிடுகிறது.

நான் தாழ்த்தவில்லை.

அண்ணாச்சி லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“அது இல்லாட்டியும் குழப்பமில்ல புள்ள. கேமராலயே மீட்டர் இருக்கு. நீ வீட்டுக்குப் போ.”

இருக்கிறது. அது ஆளின் மேல் பட்டுத் திரும்பி வரும் வெளிச்சத்தை அளக்கும். வெள்ளைச் சேலையைப் பார்த்ததும் வெளிச்சம் ஜாஸ்தி என்று நினைத்துக்கொண்டு படத்தை இருட்டாக்கும். எங்கள் ஆட்களின் முகம் அந்த இருட்டோடு போய்விடும். அண்ணாச்சி உடனே வெளிச்சத்தை ஏற்றுவார். முகம் வெளுக்கும்வரை ஏற்றுவார். சேலையின் பூவேலை மொத்தமும் அழிந்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிடும்.

கைமீட்டர் வேறு. முகத்தருகே பிடித்தால் முகத்தின் மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும் அளக்கும். விழுகிற இடம் கறுப்பா சிவப்பா என்பது அதற்குத் தெரியாது.

அது கண்ணாடி அலமாரியில் உறை போட்டு இருக்கிறது. ரிசார்ட் அறைகளை எடுக்கப் போகும். தேயிலைக்கு நடுவே கவுன் போட்டு நிற்கிற டூரிஸ்ட் ஜோடிகளை எடுக்கப் போகும். எஸ்டேட் கல்யாணத்துக்கு அது ஒரு நாளும் வந்ததில்லை.

“ரிசார்ட்டுக்கு எடுத்துட்டுப் போறீங்கல்ல?”

“அவங்க நுணுக்கமாப் பாப்பாங்க.”

“நாங்க பாக்க மாட்டமா?”

“ஒங்களுக்கு வெளுப்பா வந்தாப் போதும். எந்த லயத்துல இருந்து எவ வந்தாலும் மொதல்ல கேக்கது அதான். டிகிரி படிச்சுட்டா மாறிருமாக்கும்.”

எங்கள் எஸ்டேட் லயத்து வீடுகளில் முதல் டிகிரி என்னுடையது. அதை இழுக்காமல் என்னோடு சண்டை போட யாருக்கும் தெரிவதில்லை.

கேமராக்காரர் ஒருவருக்குக் கைமீட்டர் கட்டாயமா என்று கேட்டால், இல்லை. எடுத்ததும் ஸ்கிரீனில் பார்க்கலாம், பார்த்துத் திருத்தலாம். ஆனால் பார்க்கிற கண் சரியாக இருக்க வேண்டும். அண்ணாச்சியின் கண்ணுக்குக் கறுப்பு என்றாலே பிழை.

“ரெண்டு மாதிரியும் எடுத்துப் பாருங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க.”

உள்ளே ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்த வினோவைத் தாடையால் காட்டினேன். வினோவும் நானும் ஒரே நிறம். அவள், படத்துக்குப் பின்னணியாகத் தொங்கவிடும் வெள்ளைத் துணியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு வந்து நின்றாள்.

டீ வந்தது. என் பக்கத்து டம்ளரை நான் எடுக்கவில்லை.

“ரோஷத்தப் பாரு,” என்றார் அண்ணாச்சி. ஆனாலும் அலமாரியைத் திறந்தார்.

முதல் படம் கேமராவின் கணக்கில். இரண்டாவதற்கு மீட்டரின் வெள்ளைக் குமிழை வினோவின் தாடைக்குக் கீழே பிடித்தார்.

“காய்ச்சல் பாக்கீங்களா அண்ணாச்சி?”

“வாய மூடு. படம் ஆடும்.”

மீட்டர் சொன்ன எண்ணை வைத்து எடுத்தார். கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டார்.

முதல் படத்தில் துணி சாம்பலாக இருந்தது. வினோவுக்குக் கண் மட்டும்தான் இருந்தது. இரண்டாவதில் வினோ இருந்தாள். நல்ல கறுப்பு. நெற்றியில் மினுக்கம். துணியின் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

வினோ திரைக்குக் கிட்டே வந்து பார்த்தாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டாள்.

அண்ணாச்சியும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் வந்துருக்கு. சரி, கொண்டாறேன் போ.”

கேட்டது கிடைத்துவிட்டது. நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, சாமியார் எத்தனை மணிக்கு வருவார், சர்ச்சில் ஜன்னல்களைத் திறந்து வைப்பார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது கை மவுசில் இருந்தது. அது தன்பாட்டுக்கு இரண்டாவது படத்தில் வினோவின் முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தை வலப்பக்கம் இழுத்துக்கொண்டே போனது. வினோ சாம்பலானாள். பிறகு கோதுமையானாள். பிறகு யாரோ ஆனாள்.

அவர் திரையைப் பார்க்கக்கூட இல்லை.

“அண்ணாச்சி, கை.”

திரும்பிப் பார்த்தார். கையை எடுக்கவில்லை.

“இது இல்லாம ஆல்பம் குடுத்தா ஒங்கம்மாவே என்னய ஏசுவா புள்ள.”

உண்மைதான். அம்மா ஏசுவாள்.

“அப்ப நீங்க வர வேண்டாம்.”

“ஏய், விடிஞ்சா கல்யாணம். எவன் வந்து எடுப்பான்?”

“வினோ ஃபோன்ல எடுப்பா.”

வினோ என்னைப் பார்த்தாள். அண்ணாச்சியைப் பார்த்தாள். துணியைக் கழற்றி மடித்தாள்.

“சார்ஜ் போட்டு வைக்கேன்,” என்றாள்.

சர்ச்சில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த பிறகு கல்யாணப் பெண் பஜார் பக்கம் வரக் கூடாது. மேல்மாடி பார்லருக்கு என்று சொல்லித்தான் வந்திருந்தேன். முழங்கை வரை வைத்த மருதாணி இரண்டு கையிலும் இன்னும் காயவில்லை. கதவைத் தோளால் தள்ளித் திறந்துகொண்டு இறங்கினேன்.