முப்பத்தோராவது முறை

"முப்பத்தொரு தடவையா? பெத்த அப்பனை இப்படி வாட்டி எடுத்திருக்கியே, மனசாட்சி இருக்கா உனக்கு?"

ஊடகத்துறையின் மூத்த ஆசிரியை லியென் இப்படிக் கேட்டதும், இறுதியாண்டு மாணவன் போயென் தலையைக் குனிந்துகொண்டான்.

தைவானின் தைனான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் சிறிய அறை அது. தான் எடுத்த படத்தைத் திரையிட்டுக் காட்டி, அது உருவான விதத்தைக் கட்டுரையாகவும் எழுதிக் கொடுத்துவிட்டு, மாணவன் இரண்டு தேர்வாளர்கள் முன்னால் நிற்க வேண்டும். படம் தேறினால் பட்டம். தேறாவிட்டால் இன்னும் ஓராண்டு.

போயென் எடுத்திருந்தது எட்டு நிமிட ஆவணப்படம். விடியும் நேரத்தில் ஒரு பால்கெண்டை மீன் கஞ்சிக் கடை. கடை முன்னால் தொங்கும் கோடு போட்ட கித்தான் திரையில் ஓர் ஆளின் நிழல் விழுகிறது. நிழல் தொப்பியைச் சரிசெய்கிறது. அகப்பையால் கஞ்சியைத் துழாவுகிறது. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு உப்புப் பார்க்கிறது. முகம் கடைசிவரை வரவே இல்லை. படத்தின் பெயர் 'அப்பா'.

"படம் நல்லாத்தான் இருக்கு" என்றார் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஹுவாங். தொலைக்காட்சியில் வேலை பார்த்தே முடி நரைத்தவர். "அந்த நிழல் இடுப்புல கைய ஊன்றி நிமிரும்போது எனக்கு எங்கப்பா ஞாபகமே வந்துடுச்சு. ஆனா தம்பி..."

"ஆனா ஆவணப்படத்துல ஒரே காட்சியத் திரும்பத் திரும்ப நடிக்க வைக்கலாமா?" என்று லியென் குறுக்கிட்டார். "கொக்கு மீன் பிடிக்கிறதப் படம் எடுக்கலாம். 'எங்கே, இன்னொரு தடவை பிடி'ன்னு சொன்னா, அது கொக்கோட படம் இல்ல, உன் படம். முதல் வருஷப் பாடமே இதுதானே?"

"ஆமா டீச்சர்."

"பின்ன? படப்பிடிப்புப் பட்டியல்ல ஒண்ணுலேருந்து முப்பத்தொண்ணு வரைக்கும் நீயே நம்பர் போட்டிருக்க. மத்தவங்களா இருந்தா இதை ஒளிச்சு வச்சிருப்பாங்க. நீ நகலெடுத்து, பின் அடிச்சு, என் கையிலயே கொண்டுவந்து கொடுக்கற. உன்னை என்னன்னு சொல்றது?"

ஹுவாங் சிரித்தார். போயென்னால் சிரிக்க முடியவில்லை.

அவன் பொய்யாக எதையும் எழுதவில்லை. நான்கு பக்கக் கட்டுரையில் ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும் எழுதாமல் விட்டிருந்தான். கேட்ட கேள்விக்கெல்லாம் விடை எழுதிவிட்டு, கேட்காத கேள்விக்கு அஞ்சி நிற்கும் மாணவனின் நிலை அவனுக்கு.

லியென் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கட்டுரையைப் படித்தார்.

"'அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அகப்பையை எந்தக் கையில் பிடிப்பார் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை.' சரி, இது உண்மையா இருக்கு. அடுத்தது என்ன? 'முதல் பத்து முறையும் அப்பா அப்பாவாகவே இல்லை.' இதுக்கு என்னய்யா அர்த்தம்? உழைக்கிற மனுஷன் உன் கேமராவுக்காக இன்னும் நல்லா அப்பாவா நடிக்கணுமோ?"

"அப்படி இல்ல டீச்சர்... அசைவு சரியா வரல."

"சரியா வரலைன்னு யாரு சொன்னா? நீயா?"

"அம்மா. கேமராவுக்குப் பக்கத்துல முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாங்க."

"சரியாப்போச்சு!" என்று மேசையைத் தட்டினார் ஹுவாங். "புருஷன் கஞ்சி கிண்டுறது சரியில்லைன்னு பொண்டாட்டி சொல்றதும், அதைப் புள்ளை படம் புடிக்கிறதுமா? அந்த மனுஷன் வீட்டை விட்டு ஓடாம இருந்தாரே, அதைச் சொல்லு!"

போயென்னின் காதுமடல்கள் சிவந்தன. "பதினெட்டாவது தடவையில அகப்பை சரியாயிடுச்சு. தோள்தான்... தோளுக்கு இன்னும் பன்னிரண்டு தடவை ஆச்சு. அதுக்கப்புறம் எடுத்ததுதான் படம்" என்றான்.

லியென் கட்டுரையைக் கீழே வைத்தார். இப்போது அவர் குரல் தணிந்திருந்தது.

"இங்க பாரு போயென். நாலு வருஷமா உன்னைப் பார்க்கிறேன், நீ நல்ல பையன். ஆனா, ஒரு எளிய மனுஷனைக் களைச்சுப்போக வச்சு எடுத்த படத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். அவர் மனசார ஒத்துக்கிட்டுத்தான் நின்னாரான்னு எனக்குத் தெரியணும். வீட்டுக்குப் போன் போடு. உங்கப்பாகிட்ட நானே கேட்டுக்கிறேன்."

"டீச்சர், அது வந்து..."

"போடுன்னு சொல்றேன்ல?"

அவன் கைபேசியில் எண்ணை அழுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி மேசைமேல் வைத்தான். கிண்ணங்கள் கழுவும் ஓசைக்கு நடுவே அவன் அம்மாவின் குரல் முந்திக்கொண்டு வந்தது.

"என்னடா, படம் தேறலையா? மறுபடியும் எடுக்கச் சொல்றாங்களா? கவலைப்படாதே. அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு நீ திரைக்குப் பின்னால போய் நில்லு, நான் பார்த்துச் சொல்றேன். இடது தோளை இன்னும் கொஞ்சம் இறக்கணும், அதுதான் உனக்கு லேசுல வர மாட்டேங்குது. நீ எத்தனை தடவை எடுத்தாலும் எனக்கு அலுக்காதுடா. அவர் கண்ணை மூடிப் பதினஞ்சு வருஷமாச்சு. அந்தக் கடைசித் தடவை அசப்புல உங்கப்பாவே திரும்பி வந்து அடுப்பு முன்னால நின்ன மாதிரி இருந்துச்சு."

லியென் மெல்ல எழுந்து கைபேசியின் பக்கம் குனிந்தார்.

"இனி எடுக்க வேண்டாம்மா" என்றார். "அவர் சரியாத்தான் வந்திருக்கார்."