கூலிக்குத் தியானம்

சித்தாள் வேலையை விட்டுவிட்டு, செங்கமலம் மன அமைதியை அளக்கும் பட்டையைத் தலையில் மாட்டிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தாள். இணையத்தில் ஜென் படிக்கும் பணக்காரப் பிள்ளை ஒருவனுக்காகத் தினமும் அவள் தியானம் செய்ய வேண்டும். பாடம் அவன் பேரில் தேறும், கூலி இவளுக்கு. கல் சுமப்பதற்கு இது எவ்வளவோ தேவலை என்றிருந்தாள்.

சில மாதம் கழித்து ஒருநாள், புருஷன் சுடலைமுத்துவை மரவாடியிலிருந்து தூக்கி வந்தார்கள். ரம்பம் இரண்டு விரலைத் தின்றிருந்தது.

"ஐயோ, உசிரு போவுதே கமலம்!"

"வலி வரும், போவும். சும்மா பாத்துக்கிட்டே இருங்க," என்றாள், திரையில் குரு சொல்வதுபோலவே.

"அடிப்பாவி! சீரியல் பாக்குற மாதிரி பாக்குறியேடி என்னைய!"

அழத்தான் பார்த்தாள். மார்பில் அடித்துக்கொண்டும் பார்த்தாள். உள்ளே எதுவும் அசையவில்லை. இப்படி ஆகிவிட்டோமே என்று பயப்படக்கூட அவளுக்கு வரவில்லை.