ஆறின கை

அந்தப் புதன்கிழமை காலை, தீக்காய வார்டின் கடைசிக் கட்டிலருகே இருந்தவர்கள்: வலக்கை முழுக்கக் கட்டுப் போட்டுக் கிடந்த ஜெயராசா, உட்காரச் சொன்னாலும் உட்காராத அவன் மனைவி புஷ்பம், டொக்டர் கம்சலா, தாதி நிஷாந்தினி. வாசல் பெஞ்சில் முஹம்மது.

முஹம்மது யாரென்று நிஷாந்தினி கேட்டதில்லை. வாரம் ஒருமுறை வருவார், "ஆறிருச்சா?" என்பார், போய்விடுவார். அவர் தலை தெரிந்தால் ஜெயராசா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான்.

டொக்டர் கட்டை அவிழ்த்தார். தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டிய இடம் விளிம்பில் பிய்ந்து ரத்தம் கசிந்தது. இது மூன்றாவது தடவை.

"இன்னும் எத்தன நாளு டொக்டர்?" என்றாள் புஷ்பம்.

"இன்னொரு வழி இருக்கு. ரத்தத்த மெஷின்ல சுத்தவிட்டா, தோல வளரவைக்கிற சத்து தனியா பிரியும். வளர்ச்சிக் காரணின்னு சொல்லுவோம். அத ஜெல்லாக்கிப் பூசினா சீக்கிரம் மூடும்."

"எவ்வளவு வேணும்னாலும் ரத்தம் எடுங்க."

"உங்க ரத்தம் இல்லம்மா. அவரோடது."

"அதத்தான் சொல்றேன்."

டொக்டருக்கே சிரிப்பு வந்தது. ஜெயராசா சிரிக்கவில்லை.

"என்னா அவசரம்? தன்னால ஆறட்டுமே."

"பேசாம கெடங்க."

நிஷாந்தினிக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேயிலைத் தோட்டத்தில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல், லுணுகலையிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறாள். அவள் தங்கை சிவசக்தி, குடியிருந்த லயக் காம்பராவோடு எரிந்து செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பூட்டிக் கிடந்த கதவை உடைத்து அவளைக் காப்பாற்றப் போய்த்தான் ஜெயராசாவின் கை வெந்தது. வார்டு முழுக்க அவனே சொல்லியிருந்தான்.

ஜெல் பூசிய அன்றே புஷ்பம் நகவெட்டி கொண்டுவந்தாள்.

"தூக்கத்துல பிராண்டுறாரு, மிஸ்ஸி." சதையோடு ஒட்ட அவன் இடக்கை நகங்களை வெட்டினாள். அதன்பிறகு வார்டில் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கையைத் தன் பிடியிலேயே வைத்திருந்தாள்.

"இப்படி ஒரு பொஞ்சாதி கெடைக்க நீங்க குடுத்து வச்சிருக்கணும்" என்றாள் நிஷாந்தினி. ஜெயராசா முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

மூன்று புதன்கிழமை போனது. புதுத்தோல் இளஞ்சிவப்பாக மூடிக் காய்ந்திருந்தது. வீட்டுக்குப் போகலாமென்று டொக்டர் துண்டு வெட்டிக் கையெழுத்துப் போட்டார்.

"ஆறிருச்சா?"

"ஆறிருச்சு" என்றாள் புஷ்பம். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக பெஞ்சில் உட்கார்ந்தாள்.

முஹம்மது இந்தத் தடவை போகவில்லை. ஜெயராசாவின் இடக்கையைப் பிடித்து விலங்கை மாட்டினார்.

"என்னா இது!" நிஷாந்தினி பதறினாள்.

"பொலிஸ், மிஸ். புண் ஆறினதும் கூட்டிட்டு வரச்சொல்லி நீதவான் உத்தரவு."

"காப்பாத்தப் போன மனுசனையா?"

முஹம்மது ஜெயராசாவை வெளியே நடத்திப் போனார். நிஷாந்தினி வாசல்வரை பின்னாலேயே ஓடினாள். ஜெயராசாவை ஏற்றி, ஜீப்பின் பின்கதவைச் சாத்திப் பூட்டினார் முஹம்மது. புஷ்பம் போய் அந்தப் பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள்.

"தங்கச்சி கதவும் இப்படித்தான் வெளிய பூட்டியிருந்துச்சு, மிஸ்ஸி. சாவி இவன் சட்டைப் பையில இருந்துச்சு."