கீழத்தெரு வழியாக

சரிந்துகிடந்த பூச்சரத்தைத் தூக்கிவிடப் பெட்டிக்கு அடியில் கையை விட்டாள். விரல்களில் இரும்பு பட்டது.

கையை வெளியே எடுக்கவில்லை.

கோயிலின் சவவண்டி வாசலில் நின்றது. மேல்தட்டில் அவள் கணவன். பெட்டியை மூடியாகிவிட்டது. கீழ்த்தட்டை வெள்ளைத்துணியும் பூவும் கொண்டு மறைத்திருந்தார்கள். அதற்குள் ஒரு சாக்கு. சாக்குக்குள் நீளமாக, முனை வளைந்து, ஒன்றின் மேல் ஒன்றாக.

அரிவாள்கள்.

வீட்டுக்குள் பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலையிலிருந்து அவளும் சொன்னாள். 'எங்களுக்குத் தீமை செய்தோரை நாங்கள் மன்னிப்பதுபோல' என்ற இடம் வரும்போதெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எழுந்தாள். உட்கார்ந்தாள். அடுப்படிக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள்.

முந்தாநாள் கடலில் வலை அறுந்தது. கரையில் சண்டை வந்தது. அவர்களுடைய மேலத்தெரு ஒருபக்கம், கீழத்தெரு ஒருபக்கம். இரண்டுக்கும் ஒரே கோயில், ஒரே கல்லறை. கீழத்தெரு மிக்கேல் துடுப்பை ஓங்கினான். ஒரே அடி.

மிக்கேல் இப்போது போலீஸ் காவலில் இருந்தான். அவள் கணவன் பெட்டியில் இருந்தான்.

கல்லறைக்குக் கடற்கரைப் பாதையில் போகும்படி போலீஸ் சொல்லியிருந்தது. போலீஸ் வேனும் அங்கேதான் நின்றது.

கொழுந்தன் கனிஸ்டன் வேறு வழி சொன்னான்.

"அண்ணன கீழத்தெரு வழியாத்தான் கொண்டு போவோம், மதினி. அவனுவ பாக்கட்டும்."

தலையாட்டியிருந்தாள். அவளுக்கு அது பிடித்தும் இருந்தது. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலாவது இதே அழுகை கேட்க வேண்டும் என்று நேற்று முழுக்க நெஞ்சு கொதித்தது.

இப்போது கைக்கடியில் இரும்பு இருந்தது.

கனிஸ்டனைப் பார்த்தாள். அவள் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது அரைக்கால் சட்டை போட்டிருந்தவன். மீனில் முள் எடுத்து அவள் வைத்தால்தான் சாப்பிடுவான். இப்போது வேட்டியில் கையைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். அவள் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

பங்குச் சாமியார் அங்கியை மாட்டிக்கொண்டு வந்தார்.

"எந்த வழியாம்மா போறோம்?"



அவள் சாக்கின் நுனியைப் பிடித்து இழுத்தாள். அது தரையில் விழுந்து கணீரென்றது. வாய் அவிழ்ந்து ஒரு பிடி வெளியே நீட்டிக்கொண்டது.

உள்ளே ஜெபமாலை நின்றது.

கனிஸ்டன் ஓடிவந்தான்.

"மதினி, நீங்க உள்ள போங்க."

"இது அவருக்கு முதுகுல குத்தும்" என்றாள்.

அவன் கை பாதியில் நின்றது.

"கீழத்தெரு வழியாவே போவோம். ஆம்பளைக யாரும் வண்டியத் தொட வேண்டாம். நாங்க கொண்டு போறோம்."

கூட்டத்தில் ஒருவர் செருமினார். "பொம்பளைக சவவண்டி தள்ளுற வழக்கம் நம்மூர்ல இல்லையே."

"மண்டைய உடைக்கது மட்டும் வழக்கமோ?" பக்கத்து வீட்டு லூர்தக்கா உள்ளிருந்து வந்தாள். சேலை முந்தியை இடுப்பில் செருகினாள்.

கனிஸ்டன் சாக்கை எடுக்கக் குனிந்தான். அதற்குள் சாமியார் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். வெள்ளை அங்கியோடு, மண்ணில், சம்மணம் போட்டு.

"நீங்க முன்னால போங்கம்மா. இவங்களக் கூட்டிக்கிட்டு நான் கடற்கரை வழியா வாறேன்."

அவர் குரல் நடுங்கியது. எழுந்திருக்கவில்லை.

அழுகையில் கனிஸ்டனின் உதடு கோணியது.

பெண்கள் தள்ளினார்கள். வண்டி நகர்ந்தது.

கீழத்தெருவில் எல்லாக் கதவுகளும் மூடியிருந்தன.

மொட்டைமாடிகளில் ஆண்கள் நின்றார்கள். கைகள் கைப்பிடிச் சுவருக்குக் கீழே இருந்தன. எதைப் பிடித்திருக்கின்றன என்று தெரியவில்லை.

பெண்கள் பாடவில்லை. சக்கரம் மட்டும் கிரீச்சிட்டது. அவளுக்கு ஓட வேண்டும் போலிருந்தது. முன்னாலா பின்னாலா என்றுதான் தெரியவில்லை. மாடிகளை அண்ணாந்து பார்த்தபடியே தள்ளினாள். வேண்டுமானால் எறியட்டும். முதல் கல் என் மேல் விழட்டும்.

மிக்கேலின் வீடு வந்தது.

அந்த இடத்தில் தெரு மணலாகக் கிடந்தது. வலப்பக்கச் சக்கரம் இறங்கியது. தள்ளினார்கள். இன்னும் இறங்கியது. பெட்டி ஒருபக்கம் சாய்ந்தது. லூர்தக்கா "மாதாவே" என்று தோளைக் கொடுத்து முட்டினாள்.

வண்டி அசையவில்லை.

மாடியில் ஒரு கை சுவருக்கு மேலே வந்தது.

கதவுத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. மிக்கேலின் பெண்டாட்டி கித்தேரி வாசலில் நின்றாள். தலை வாரவில்லை. முகம் வீங்கியிருந்தது. போன வாரம்வரை அவளும் கித்தேரியும் ஒரே மினிபஸ்ஸில், ஒரே சீட்டில், மீன்கூடைகளைக் காலடியில் வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனவர்கள்.

"ஏ கித்தேரி, உள்ள போ" என்று மேலிருந்து ஒரு குரல்.

கித்தேரி படியிறங்கினாள். மணலில் வெறுங்காலோடு வந்தாள். வண்டிக்குப் பக்கத்தில், தள்ளுகம்பிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டாள். அதற்கு மேல் வரத் துணியவில்லை.

கித்தேரியைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த முகத்தில் ஓங்கி அறைய வேண்டும். அந்தத் தலைமயிரைப் பிடித்து இந்த மணலிலேயே இழுக்க வேண்டும். கேட்க வேண்டும். என்ன கேட்பது?

பெட்டி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

பெண்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மாடியிலிருந்தவர்களும் பார்த்தார்கள்.

அவள் கித்தேரியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கம்பியைப் பிடித்திருந்த கையை, இன்னொரு கைக்கு இடம் விட்டு, சற்றே ஓரமாக நகர்த்தினாள்.