லண்டனில் இறங்கி ஏற வேணும்

"மேலை எழும்பேக்கை காது அடைக்கும். பயப்பிடக் கூடாது. எச்சிலை முழுங்கினால் சரி."

சொல்லிவிட்டு ஸ்ரெல்லா தானே விழுங்கிக் காட்டினாள். பிளேனின் முன் சீற்றாக வைத்த வாங்குக்குப் பின்னால் நெருக்கிப் போட்ட இரண்டு கதிரைகளில் றோசும் சிறுமியும் இருந்தார்கள். இருவரின் இடுப்பிலும் பழைய சேலைத் துண்டு பெல்ற்றாகக் கட்டியிருந்தது. றோசின் முழங்கால் வாங்கில் முட்டியது. வாங்கைத் தள்ளிவிடப் போனவளை ஸ்ரெல்லா தடுத்தாள். மலிவான ரிக்கற்றுக்கு அவ்வளவு இடம்தான், இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்றாள்.

றோசின் கணவன் வின்சன்ற் ரொறன்ரோவில் இருந்தான். பயணம் எப்படியிருக்கும் என்று கசற்றில் பேசி அனுப்பியிருந்தான். குருநகரில் மின்சாரம் நின்று வருடங்களாகிவிட்டன. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் கேட்டார்கள். அவன் குரல் வந்ததுமே றோஸ் அழத் தொடங்கிவிடுவாள். முழுவதையும் கேட்டு மனதில் வைத்திருந்தவள் பக்கத்து வீட்டு ஸ்ரெல்லாதான்.

கக்கூசில் தண்ணீர் இழுக்கும்போது பெரிய இரைச்சல் வரும், பிள்ளையைத் தனியே விடக் கூடாது. சாப்பாடு ஈயத்தாள் மூடிய தட்டில் வரும், உறைப்பு இராது. போர்வை மெல்லியது. காலை மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை எழும்பிவிடுவாள். எல்லாவற்றுக்கும் றோஸ் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

சிறுமி ஜன்னல் பக்கக் கதிரையில் இருந்தாள். பாஸ்போட் படத்தில் இருப்பதுபோல முன்மயிர் புருவம்வரை வெட்டியிருந்தது.

"அன்ரி, பிளேன் வரேக்கை நிலத்திலை படுக்க வேணாமோ?"

"வேண்டாம். உது வேறை பிளேன். உள்ளுக்கு இருந்து சாப்பிடுறது, நித்திரை கொள்ளுறது."

சிறுமி யோசித்தாள்.

"அப்ப கீழை இருக்கிற பிள்ளையள் ஓடுவினமோ?"

ஸ்ரெல்லா சிறுமியின் பெல்ற்றை இன்னொருமுறை இறுக்கிக் கட்டினாள். வெளியே யாரோ வலை காயப்போடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஓடமாட்டினம்," என்றாள் ஸ்ரெல்லா.

பிறகு ஸ்ரெல்லா லண்டன் கதைக்கு வந்தாள். அங்கே இறங்கி வேறு பிளேனில் ஏற வேண்டும். சனத்தின் பின்னால் வெளியே போய்விடக் கூடாது. பெட்டியைத் தேடக் கூடாது. அது தானாக மற்றப் பிளேனுக்குப் போய்ச் சேரும். இதை மட்டும் றோசால் நம்ப முடியவில்லை. கொழும்பில் கோட்டை ஸ்ரேசனிலிருந்து அடுத்த ஸ்ரேசன் மருதானைக்கே பெட்டி தானாகப் போகாது என்றாள். ஸ்ரெல்லாவுக்கு மெல்லச் சிரிப்பு வந்து அடங்கியது.

அந்த இரண்டாவது பிளேன் முழுக்கக் கடலுக்கு மேலாலேதான் போகும். மணிக்கணக்காகப் பார்த்தாலும் ஒரு வள்ளமும் தெரியாதாம். பொழுது சாய மறுத்து வெளிச்சம் கூடவே வருமாம். கால் வீங்கும், எழும்பி நடக்க வேண்டும்.

ஆனால் அதில் ஏற முன்னம்தான் அதிகாரிகளின் கேள்வி. ஒரு பதில் பிழைத்தாலும் கொழும்புக்குத் திருப்பிவிடுவார்கள். கொழும்பில் இறங்கினால் அடுத்தது என்ன என்று யாரும் சொல்லத் தேவையில்லை. சரியான பேப்பரோடு போனவர்களும் திரும்பி வந்திருக்கிறார்கள். பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத்தான் கேட்பார்களாம்.

"எனக்கு அந்த இடத்திலை வாய் வராது, ஸ்ரெல்லா."

"நீங்கள் கதைக்க வேண்டாம் அக்கா. பிள்ளை கதைப்பா. நீங்கள் அவவின்ரை கையை விடாமல் பிடிச்சிருந்தால் காணும்."

றோஸ் சிறுமியின் கையைப் பிடித்தாள்.  ஸ்ரெல்லா அந்தப் பிடியை இன்னும் இறுக்கிவிட்டாள்.

பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓடும் மணத்தோடு, வாடகைக்குப் பேசியிருந்த யாகப்புவின் கார் வாசலில் வந்து நின்றது. பொழுதுபட கிளாலியில், கடலேரியைத் தாண்ட வள்ளம் ஏற வேண்டும். இருட்டினால்தான் வள்ளம் வெளிக்கிடும், ஆனாலும் நேரத்துக்குப் போனால்தான் இடம் கிடைக்கும் என்று அவர் அவசரப்படுத்தினார்.

சிறுமி பெல்ற்றை அவிழ்த்துவிட்டு, அன்ரியும் பிறகு வருவாவோ என்று கேட்டாள். அவிழ்த்த சேலைத் துண்டை மடித்தபடி ஸ்ரெல்லா 'ஓம்' என்றாள்.

பிறகு அவள் லண்டன் அதிகாரியாக நிமிர்ந்து நின்றாள். குரலைத் தடிப்பாக்கினாள்.

"உம்மடை பேர்?"

"ஜெனிற்றா வின்சன்ற்."

"எங்கை போறீர்?"

"ரொறன்ரோ. அப்பாட்டை."

"உவ ஆர்?"

"அம்மா."

சிறுமி றோசின் சேலையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். யாகப்பு பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். றோஸ் ஏறினாள். சிறுமியும் ஏறினாள். கதவைச் சாத்த முன்னம் ஸ்ரெல்லா குனிந்தாள். இந்த முறை தன் சொந்தக் குரலில் கேட்டாள்.

"அப்ப, நான் ஆர்?"

"பக்கத்து வீட்டு அன்ரி."

"கெட்டிக்காரி," என்றாள் ஸ்ரெல்லா. கதவு சாத்துப்பட்டது.

கார் கடற்கரை வீதியால் போனது. மாரிக் காய்ச்சலில் மருந்தில்லாமல் செத்துப்போன தன் மகள் ஜெனிற்றாவைப் புதைத்த சேமக்காலையைத் தாண்டும்வரை றோஸ் அந்தப் பக்கமே திரும்பியிருந்தாள். ஸ்ரெல்லா பெற்ற பிள்ளையோ, தாய் சொல்லிக்கொடுத்தபடியே, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.