முட்டியைக் கொடுக்கும் முன்

“நில்லுங்க டாக்டர். என் முட்டியில கை வைக்கிறதுக்கு முன்னாடி நீங்க என்ன படிச்சிருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்.”

கட்டிலில் கிடந்த நீளம் தாண்டும் வீராங்கனைக்கு நாக்கு மட்டும்தான் கனத்தது. உடம்பு பஞ்சாகி, கூரைக்கு ஒரு சாண் கீழே மிதந்துகொண்டிருந்தது. பச்சைத் திரை குளத்து நீர்போல அலைந்தது. முட்டிக்குள் அறுந்த தசைநார் ஒழுங்காகச் சேராவிட்டால், இனி அவள் தாண்டப்போவது வாசற்படியை மட்டும்தான்.

எலும்பு டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கேளும்மா.”

“மொத்தம் எத்தன வருஷம்?”

“டாக்டருக்கு அஞ்சரை. எலும்புக்கு மூணு. அப்புறம் விளையாட்டுக் காயத்துக்குன்னே ஒரு வருஷம்.”

“நடுவுல பெயில் ஆனதெல்லாம் சேத்தா?”

திரைக்குப் பின்னால் நர்ஸ் களுக்கென்று சிரித்தாள்.

“சர்ட்டிபிகேட் இருக்கா?”

“ரூம்ல ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கேன்.”

“ஃப்ரேம் யாரு வேணா போடலாம். அந்தக் கடைசி ஒரு வருஷம் என்ன பண்ணீங்க?”

“பாதி நாள் கால்பந்து மைதான ஓரத்துல ஐஸ் பையோட உக்காந்திருந்தேன். மீதி நாள் பிளாஸ்டிக் முட்டியில ரெண்டு ஓட்டை போட்டு, உள்ள கேமராவ விட்டு, டிவியப் பாத்துக்கிட்டே தையல் போட்டுப் பழகினேன்.”

“டிவியப் பாத்துக்கிட்டேவா! எங்கம்மா அப்படித்தான் காய் நறுக்குவாங்க. எல்லா விரல்லயும் பிளாஸ்திரி.”

“இது வேற சேனல்மா.”

அவள் மிதந்தபடியே யோசித்தாள். மேகத்தின் மேல் யாரோ மணலைக் கொட்டிச் சமன்செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்காகத்தான் இருக்கும். ஓடிவந்து குதிக்க வேண்டியதுதான் பாக்கி.

“நீங்க ஏதாவது விளையாடியிருக்கீங்களா?”

டாக்டர் வாயைத் திறக்குமுன், “கேரம்,” என்றாள் நர்ஸ்.

“விளங்கிடும்! சரி, நான் திரும்பத் தாண்டுவேனா மாட்டேனா? பொய் சொல்லாம சொல்லுங்க.”

“ஒன்பது மாசம் ஏமாத்தாம பயிற்சி செஞ்சா, தாண்டுவ.”

அவள் அவர் கண்களை உற்றுப் பார்த்தாள். நான்கும் நேர்மையாகவே தெரிந்தன.

“நம்புறேன் டாக்டர். ஆரம்பிங்க.”

“ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சும்மா,” என்றார் டாக்டர். “கண்ண முழிச்சதுலேருந்து இதையே ஆறாவது தடவயா கேக்குற. நேத்து ஆபரேஷனுக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போடும்போதுதான் ஒரு கேள்விகூடக் கேக்கல.”