யாகப்பம்மாள் ஓட்டு

"தராசுப் பெட்டியில சீட்டுப் போடாதவ, நாளைக்குக் கருவாட்டுக் களத்துக்கு வர வேண்டாம்."

பொன்னுச்சாமி முதலாளி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். தனுஷ்கோடிக்கு மூட்டை தூக்கிப் பிழைக்க வந்தவர். இன்று கொழும்புக்குக் கருவாடு அனுப்புகிறார். அடுத்தது சென்னைச் சட்டசபை. ஐம்பத்திரண்டு தேர்தலில் ஒவ்வொரு சின்னத்துக்கும் தனித்தனி ஓட்டுப் பெட்டி; அவருக்குத் தராசுச் சின்னம்.

ஓட்டு வரிசையில் நின்ற களத்துப் பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"மறைப்புக்குள்ளதான பெட்டி எல்லாம் இருக்கு? யாரு எதுல போட்டான்னு இவருக்கு எப்படித் தெரியும்?" என்றாள் யாகப்பம்மாள்.

"மெதுவாப் பேசுக்கா. சீட்டு நம்பர வச்சுக் கண்டுபிடிச்சிருவாகளாம்," என்றாள் பின்னால் நின்ற புஷ்பமேரி. "எதுத்து நிக்கிற ஏணிச் சின்னக்காரரு ராமநாதபுரத்து மிராசு. கடத்தண்ணியில காலு நனைச்சதில்ல. இவராச்சும் தீவுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி கேப்பாரு."

"கேக்கட்டும். அதுக்கு எதுக்குடி மிரட்டணும்?"

யாகப்பம்மாள் உள்ளே போனாள். வெளியே வந்ததும் நேரே முதலாளி முன்னால் போய் நின்றாள்.

"ஏணியில போட்டுட்டு வாரேன் முதலாளி."

வரிசை மொத்தமும் கேட்டது. அவர் முகம் கறுத்துவிட்டது.

"நாளையிலேருந்து..."

"நீங்க சொல்ல வேணாம். நானே வரல."

பொன்னுச்சாமி ஜெயித்துவிட்டார்.

மாலையும் கழுத்துமாகத் திறந்த காரில் வந்தவர், தெருவில் மீன் விற்றுக்கொண்டிருந்த யாகப்பம்மாளைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார். பக்கத்தில் புஷ்பமேரி ஒதுங்கி நின்றாள்.

"ஒன் ஓட்டு இல்லாமலே ஜெயிச்சுட்டேன், பாத்தியா? மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. நாளைக்கே வேலைக்கு வா."

"மன்னிப்பெல்லாம் கெடையாது முதலாளி. ஆஸ்பத்திரிய மறந்துறாதீக. மறந்தா வாசல்ல வந்து நின்னு கேப்பேன்."

"எனக்கு ஓட்டுப் போடாதவளுக்கு என்னைக் கேக்க என்ன உரிமை இருக்கு?"

"நின்னு கேக்கத்தான போறேன். அப்பப் பாப்போம்."

கார் புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"அந்த ஏணிக்காரன் ஒனக்கு என்னக்கா செஞ்சான்? அவனுக்குப் போட்டு இப்படிப் பொழப்பக் கெடுத்துக்கிட்டியே!"

"ஏணியில எங்கடி போட்டேன்? தராசுலதான் போட்டேன்."

புஷ்பமேரி வாயைப் பிளந்தாள்.

"என் மக லீமாரோசு இடுப்பு வலியோட, அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக ரயிலுக்குக் காத்துக் கெடந்தே செத்தா. இன்னொருத்தி அப்படிச் சாகக் கூடாதுல்ல."

"அடிப்பாவி! அத அவருகிட்டச் சொல்லியிருந்தா வேலையாச்சும் மிஞ்சியிருக்குமே!"

யாகப்பம்மாள் மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லியிருந்தா, அவருக்குப் பயந்துல்ல போட்டேன்னு ஆயிருக்கும்!"